பத்தடி பேனருக்கு 300 எதற்கு?

கேள்வி: அண்ணாச்சி, ஃப்ளெக்ஸ் டிசைன் கடை வைத்திருக்கிறேன். திருவிழா பேனர், 10 அடிக்கு 8 அடி, சிஎம்ஒய்கே (அச்சுக்கான நான்கு நிற முறை), ரெசல்யூஷன் 300. பாதி வேலையில் ‘ஸ்க்ராட்ச் டிஸ்க் ஃபுல்’ என்று போட்டோஷாப் நின்றுவிடுகிறது. சிலநேரம் தானாகவே மூடிக்கொள்கிறது. ரேம் 8 ஜிபி. சி டிரைவில் 6 ஜிபிதான் காலி, டி டிரைவில் நிறைய இடம் இருக்கிறது. சர்வீஸ் கடையில் ரேமை 16 ஆக்கச் சொல்கிறார்கள். ஆக்கட்டுமா?
- வாசகர், தக்கலை

பதில்: இப்போதைக்குப் பர்ஸை மூடி வையுங்கள் தம்பி. ரேம் கூடினால் நல்லதுதான், ஆனால் கோளாறு 300-ல் இருக்கிறது. அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல், படப் புள்ளி. உங்கள் அளவுக்கு அது 36,000க்கு 28,800 பிக்சல். முழுப் பரப்பையும் நிறைக்கும் ஒரு லேயருக்கே, அதாவது ஓர் அடுக்குக்கே, ஏறக்குறைய 4 ஜிபி! நம்மூர் பேனரில் லேயருக்கா பஞ்சம்? சவேரியார், கொடிமரம், பங்குப்பணியாளர், கீழே நன்கொடை தந்த அத்தனை பேரின் பாஸ்போர்ட் போட்டோ. மண்டைக்காடு கொடை பேனரும் இதே கதைதான். போதாததற்கு 30,000 பிக்சலைத் தாண்டினால் போட்டோஷாப்பின் வழக்கமான பிஎஸ்டி ஃபைலாகச் சேமிக்கவும் முடியாது, பெரிய படங்களுக்கான பிஎஸ்பி-தான் (PSB).

ரோட்டில் தள்ளி நின்று பார்க்கிற பேனருக்கு 72 தாராளம். அதே லேயர் கால் ஜிபிகூட வராது. பிரிண்ட் போடுகிறவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே செய்ததை ஒரு காப்பி எடுத்துவைத்துவிட்டு, இமேஜ் சைஸில் ‘ரீசாம்பிள்’ டிக் இருக்க 72 ஆக்குங்கள்.

அடுத்தது சி டிரைவ். ரேமில் கொள்ளாததையெல்லாம் போட்டோஷாப் டிஸ்கில் கொண்டு தள்ளும். அந்த இடம்தான் ஸ்க்ராட்ச் டிஸ்க். நாம் மாற்றாதவரை அது விண்டோஸ் இருக்கும் டிரைவ்தான். எடிட், பிரிஃபரன்ஸஸ், ஸ்க்ராட்ச் டிஸ்க்ஸ் போய் டி-யை டிக் செய்யுங்கள். போட்டோஷாப் திறக்கவே மறுத்தால், அது துவங்கும்போதே கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திப் பிடியுங்கள். அந்தப் பெட்டி வரும். பாதியில் மூடிக்கொள்ளும்போதெல்லாம் ‘போட்டோஷாப் டெம்ப்’ என்று தொடங்கும் பெரிய ஃபைல்கள் டெம்ப் ஃபோல்டரில் தங்கியிருக்கும். போட்டோஷாப்பை மூடிவிட்டு அவற்றை அழியுங்கள்.

அதே பிரிஃபரன்ஸஸில் பெர்ஃபார்மன்ஸ் பாருங்கள். ஹிஸ்டரி, அதாவது செய்ததைத் திரும்ப மாற்ற நினைவில் வைக்கும் படிகள், 50 இருக்கும், 20 போதும். போட்டோஷாப் எடுத்துக்கொள்ளும் மெமரி அளவை 70 சதவீதத்திலிருந்து 100-க்கு ஏற்றச் சொல்லி யாராவது வந்தால் கேட்காதீர்கள். விண்டோஸுக்கு மூச்சுவிட இடமிருக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் தானாக மூடினால், பெர்ஃபார்மன்ஸில் ‘கிராஃபிக்ஸ் பிராசஸர்’ டிக்கை எடுத்துவிட்டுத் திறந்து பாருங்கள். அப்போது ஒழுங்காக ஓடினால் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்துவிட்டு டிக்கைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.