டைட் எண்டை எப்படி எடை போடுவது?

கேள்வி: நான் டெக்சஸில் வேலை பார்க்கிறேன். அலுவலக நண்பர்களோடு டைனஸ்டி ஃபேன்டசி லீக் ஆடுகிறேன் (நிஜ ஆட்டக்காரர்களை நம் கற்பனை அணியில் சேர்த்து, அவர்கள் களத்தில் எடுப்பதற்கு நாம் பாயிண்ட் பெறுவது; டைனஸ்டியில் அதே ஆட்களை வருடக்கணக்கில் வைத்திருக்கலாம்). ஒவ்வொரு வருடமும் அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) வரும் புதுமுகங்களில், எதிராளியை மறிக்கவும் பந்து பிடிக்கவும் வேண்டிய டைட் எண்ட் விஷயத்தில்தான் ஏமாறுகிறேன். ஹைலைட் வீடியோவில் எல்லோருமே பிரமாதமாகத் தெரிகிறார்கள். 40 யார்டு ஓட்ட நேரத்தைப் பார்த்து எடுத்தால் ஆள் பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறார். கல்லூரி ஆட்டத்தில் எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: முதலில் ஹைலைட் வீடியோவை மூடிவிடுங்கள். ஓர் ஆட்டத்தில் ஒரு டைட் எண்ட் அறுபது ஸ்னாப் (ஒவ்வொரு முறை பந்தைக் கொடுத்து ஆட்டம் தொடங்குவது) ஆடினால் அவரைத் தேடிப் பந்து வருவது ஏழெட்டு முறைதான். ஹைலைட்டில் இருப்பது அதிலும் நல்லதாகப் பொறுக்கி எடுத்தவை. மிச்சமிருக்கும் ஐம்பது ஸ்னாப்பில் அவர் என்ன செய்தார் என்பதை வைத்துத்தான் பயிற்சியாளர் அவரைக் களத்தில் விடுகிறார். களத்திலேயே இல்லாதவருக்குப் பாயிண்ட் எங்கிருந்து வரும்?

இதில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஓரத்தில் நின்று பந்து பிடிக்க ஓடும் வைட் ரிசீவர் ஸ்னாப் முடிந்த கொஞ்ச நேரத்தில் டிவி திரையை விட்டு வெளியே போய்விடுவார். டைட் எண்ட் டேக்கிளுக்கு (சொந்த அணியின் முன்வரிசை ஓரத்தில் மறிப்பவர்) பக்கத்தில் நிற்கும்போது செய்கிற பிளாக் (எதிராளியை மறித்துத் தள்ளுவது) முழுவதும் சாதாரண ஒளிபரப்பிலேயே தெரியும். முழு ஆட்டம் இரண்டு மூன்றை எடுத்து, பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள். கை எதிராளியின் மார்புக்குள் போகிறதா, தோளுக்கு வெளியே போய்ச் சட்டையைப் பிடிக்கிறதா? மோதிய பிறகும் கால் நகர்கிறதா, அங்கேயே நின்றுவிடுகிறதா? டேக்கிளோடு சேர்ந்து எதிரணி முன்வரிசையின் டிஃபென்சிவ் எண்டைத் தள்ளிவிட்டு, அடுத்து பின்னால் நிற்கும் லைன்பேக்கரைத் தேடிப் போகிறாரா? ஜெயிக்க வேண்டும் என்றுகூட இல்லை. 21 வயதுப் பையன் ஒவ்வொரு முறையும் ஜெயிக்க மாட்டான். தோற்றாலும் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறானா என்பதைப் பாருங்கள்.

ஆனால் பிளாக் மட்டும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். ஜார்ஜியா கல்லூரியின் டார்னெல் வாஷிங்டன் ஆறடி ஏழு அங்குலம், 264 பவுண்டு. 2023இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் மூன்றாவது சுற்றில் எடுத்தது. பயிற்சியாளருக்கு இப்படி ஓர் ஆள் கிடைத்தால் கொண்டாட்டம். ஃபேன்டசி அணிக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. பிளாக் அவரை உள்ளே கொண்டுவரும். பாயிண்டுக்கு வேறு ஒன்று வேண்டும்.

அந்த வேறு ஒன்றை அளப்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். கேட்ச் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், அணியின் மொத்தப் பாஸிங்கில் அவருடைய பங்கு எவ்வளவு என்று பாருங்கள். சாம் லபோர்டா 2022இல் ஐயோவா கல்லூரிக்கு 657 யார்டுதான் எடுத்தார், டச்டவுன் ஒன்றே ஒன்று. கேட்டால் சுமார்தான். ஆனால் அந்த வருடம் ஐயோவாவின் பாஸிங் பரிதாபமாக இருந்தது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இவர் ஒருவருடையது. எதிரணிக்கும் பந்து இவரிடம்தான் வரும் என்று தெரியும், அப்படியும் தடுக்க முடியவில்லை. அடுத்த வருடம் டெட்ராய்ட் லயன்ஸில் 86 கேட்ச், 889 யார்டு, 10 டச்டவுன். கல்லூரி டச்டவுன் கணக்கை நான் கிட்டத்தட்டப் பார்ப்பதே இல்லை. அது அணியின் திட்டத்தைப் பொறுத்தது.

ஐயோவாவுக்கே இது பழைய கதை. ஜார்ஜ் கிட்டில் அங்கே மொத்தம் 48 கேட்ச்தான் பிடித்தார். 2017இல் ஐந்தாவது சுற்றில், 146ஆவது ஆளாகப் போனார். மறு வருடம் சான் பிரான்சிஸ்கோ 49ர்ஸுக்கு 1,377 யார்டு! ஆனால் இதை விதியாக எடுத்துக்கொண்டு குறைந்த கேட்ச் உள்ளவர்களை எல்லாம் சேர்க்கக் கிளம்பாதீர்கள். கிட்டில் பிளாக்கில் வெறியோடு ஆடியவர், 40 யார்டை 4.52 நொடியில் ஓடியவர். இரண்டும் சேர்ந்து ஒருவரிடம் அமைவது அபூர்வம்.

அப்புறம், அந்தக் கேட்ச் எப்படி வந்தது என்று பாருங்கள். பிளே ஆக்‌ஷனில் (பந்தோடு ஓடுவதுபோலக் காட்டிவிட்டு எறிவது) எல்லோரும் ஓட்டம் என்று ஏமாந்து ஒரு பக்கம் ஓட, மறுபக்கம் தனியாக நிற்பவருக்குத் தூக்கிக் கொடுத்த பந்தில் 30 யார்டு போனால் அது பயிற்சியாளரின் சம்பாத்தியம். மூன்றாவது டவுன் (10 யார்டு போகக் கிடைக்கும் நான்கு முயற்சியில் மூன்றாவது), 8 யார்டு வேண்டும், எதிரே ஒரு சேஃப்டி (பின்வரிசைத் தடுப்பாளர்) ஒட்டிக்கொண்டு வருகிறார், அவரைத் திருப்பிவிட்டுக் கையை நீட்டிப் பிடிக்கிறாரா? அது அவருடைய சம்பாத்தியம். இந்த இரண்டாவது வகையை மட்டும் தனியாக எண்ணுங்கள்.

சின்னக் கல்லூரி ஆட்டக்காரர் என்றால் பெரிய அணிகளுக்கு எதிரான ஆட்டத்தைத் தேடிப் பிடியுங்கள். பவுலிங் கிரீன் கல்லூரியின் ஹெரால்ட் ஃபேனின் 2024இல் 117 கேட்ச், 1,555 யார்டு எடுத்தார். எதிரணிகள் பலவீனம் என்று சொல்லி ஒதுக்கலாம். ஆனால் அதே வருடம் பென் ஸ்டேட்டுக்கு எதிராக 11 கேட்ச், 137 யார்டு. டெக்சஸ் ஏ அண்டு எம்முக்கு எதிராக 145 யார்டு. இதற்குப் பிறகு ஒதுக்க முடியுமா?

வயதையும் மறக்காதீர்கள். 2018இல் பால்டிமோர் ரேவன்ஸ் ஒரே டிராஃப்டில் இரண்டு டைட் எண்டை எடுத்தது. 25ஆவது இடத்தில் ஹேடன் ஹர்ஸ்ட், 86ஆவது இடத்தில் மார்க் ஆண்ட்ரூஸ். ஹர்ஸ்ட் பேஸ்பால் ஆடிவிட்டுத் தாமதமாக வந்தவர், ஆண்ட்ரூஸைவிட இரண்டு வயது மூத்தவர். பிளாக், ரூட் (பந்து பிடிக்க ஓடும் பாதை) இரண்டும் தெரிந்த முழு ஆட்டக்காரர் என்று அவரைச் சொன்னார்கள். ஆனால் ஆண்ட்ரூஸ் கடைசிக் கல்லூரி வருடத்தில் 958 யார்டு எடுத்து, சிறந்த டைட் எண்டுக்கான மேக்கி விருதையும் வாங்கியிருந்தார். 2020இல் ஹர்ஸ்டை அட்லாண்டாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். 2021இல் ஆண்ட்ரூஸ் 107 கேட்ச், 1,361 யார்டு. ஹர்ஸ்டுக்குத் தொடக்கத்திலேயே காலில் காயம் என்பதும் உண்மைதான். இருந்தாலும் எடுத்த இடத்தைவிட இளமையில் காட்டிய உற்பத்திக்கே நான் அதிகம் மதிப்புக் கொடுப்பேன்.

40 யார்டு நேரத்தைக் கேட்டீர்கள். மிகவும் மெதுவானவர்களை வடிகட்ட அது போதும், அதற்கு மேல் வேண்டாம். பிராக் பவர்ஸ் டிராஃப்டுக்கு முன்பு ஓடியே காட்டவில்லை. 13ஆவது ஆளாகப் போய், முதல் வருடமே ரெய்டர்ஸுக்கு 112 கேட்ச் பிடித்தார். ஜார்ஜியாவில் முதலாமாண்டிலேயே 882 யார்டு எடுத்தவருக்கு ஸ்டாப்வாட்ச் எதற்கு?

கடைசியாக, நீங்கள் சரியான ஆளை எடுத்தும் அவசரப்பட்டுக் கைவிட்டிருக்கலாம். பவர்ஸும் லபோர்டாவும் விதிவிலக்கு. டிரே மெக்பிரைட் முதல் வருடமான 2022இல் அரிசோனா கார்டினல்ஸில் 29 கேட்ச்தான் பிடித்தார், அப்போது அவருக்கு முன்னால் ஸாக் எர்ட்ஸ் என்ற மூத்த டைட் எண்ட் இருந்தார். 2024இல் அதே மெக்பிரைட் 111 கேட்ச். எனவே உங்கள் லீக்கில் டாக்சி ஸ்குவாடு (புதுமுகங்களை ஆட வைக்காமல் தனியாக வைத்திருக்கும் இடம்) உண்டென்றால் புதுமுக டைட் எண்டை அங்கே போட்டுவிட்டு இரண்டு வருடம் தொடாதீர்கள். இல்லையென்றால் டிராஃப்டில் எடுக்கவே வேண்டாம். முதல் வருடம் முடிந்து சலித்துப்போன நண்பர் ஒருவர் பாதி விலைக்குத் தள்ளிவிடப் பார்ப்பார். அப்போது வாங்குங்கள்.