'டு' போடவா, 'இங்' போடவா?

கேள்வி: வெளிமாநிலப் பயணிகளை வேனில் தனுஷ்கோடிக்கு அழைத்துப் போகிறேன். ஆங்கிலத்தில் 'ஈஸி டு ரீச்' சரியாம், 'வொர்த் டு சீ' தப்பாம். இரண்டும் ஒரே மாதிரிதானே இருக்கின்றன?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: 'வொர்த் டு சீ' தப்புதான். ஈஸி, ஹேப்பி, ரெடி, ஏபிள் போன்ற பல அட்ஜெக்டிவ்களுக்குப் பின் 'டு' வரும்: 'த போட் இஸ் ரெடி டு லீவ்'. ஆனால் 'வொர்த்' 'டு'வை ஏற்காது. 'தனுஷ்கோடி இஸ் வொர்த் சீயிங்' என்று சொல்லுங்கள். தமிழில் 'பார்க்கத் தகுந்த' என்றே பேசிப் பழகியதால் வாய் தானாக 'டு சீ'க்குப் போகிறது.

'பிஸி'யிலும் தமிழ் குறுக்கே வரும். 'வலையைச் சரிசெய்வதில் மும்முரம்' என்பதை மனதில் வைத்து 'பிஸி இன் மெண்டிங்' என்கிறோம். அந்த 'இன்' வேண்டாம்: 'தே ஆர் பிஸி மெண்டிங் த நெட்ஸ்'.

அட்ஜெக்டிவை ஒட்டி ஆஃப், அட், இன் போன்ற பிரிபோசிஷன் வந்தால் அடுத்த வினைக்கு 'இங்' கட்டாயம். 'ஏபிள் டு ஸ்விம்', 'கேப்பபிள் ஆஃப் ஸ்விம்மிங்' இரண்டுக்கும் பொருள் ஏறத்தாழ ஒன்றுதான்; 'ஆஃப்' வந்ததால் 'இங்' வந்தது. ஆகவே நோட்டில் 'குட்' என்று மட்டும் எழுதாமல் 'குட் அட்', 'டயர்ட் ஆஃப்' என்று ஜோடியாகவே எழுதிப் படியுங்கள்.

'அஃப்ரைட்' இரண்டையும் ஏற்கும், ஆனால் பொருள் மாறும். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: 'ஹி இஸ் அஃப்ரைட் டு கோ அவுட் இன் திஸ் விண்ட் பிகாஸ் ஹி இஸ் அஃப்ரைட் ஆஃப் லூசிங் த நெட்'. இந்தக் காற்றில் கடலுக்குப் போவதா வேண்டாமா என்பது அவர் கையில் இருக்கிறது. பயந்து தயங்குகிறார், அதனால் 'டு கோ'. வலை போய்விடுவது அவர் கையில் இல்லை; அப்படி நடந்துவிடுமோ என்ற அச்சம், அதனால் 'ஆஃப் லூசிங்'. இங்கே 'அஃப்ரைட் டு லூஸ்' என்றால் காதுக்கே இடறும்.

'இன்ட்ரஸ்டட்' கொஞ்சம் நுட்பமானது. ஒரு வேலையில் ஆர்வம் என்றால் 'இன்ட்ரஸ்டட் இன் லேர்னிங்'. ஒரு செய்தியை அறிய ஆவல் என்றால் 'ஐ ஆம் இன்ட்ரஸ்டட் டு நோ'. நோ, ஹியர், சீ போன்ற சில வினைகளோடுதான் இந்த 'டு' இயல்பாக ஒட்டும்.

கேள்வி: 'ஷி இஸ் யூஸ்டு டு டைவிங்' என்று படித்தேன். 'டு'வுக்குப் பின் 'இங்' வருமா?
– கல்லூரி மாணவி, பாம்பன்

பதில்: வரும். இங்கே 'டு' பிரிபோசிஷன். சோதிப்பது எளிது: வினை இருக்கும் இடத்தில் ஒரு பெயர்ச்சொல்லை வையுங்கள். 'யூஸ்டு டு த சீ' பொருந்துகிறது, எனவே 'இங்'. 'ரெடி டு லீவ்' என்பதில் 'த சீ'யை வைத்தால் பொருந்தாது, எனவே வெறும் வினை.

நடுவிலுள்ள 'இஸ்' விழுந்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். 'ஷி இஸ் யூஸ்டு டு டைவிங்' என்றால் பாசி எடுக்கும் பெண்ணுக்குக் கடலில் மூழ்குவது பழக்கமாகிவிட்டது. 'ஷி யூஸ்டு டு டைவ்' என்றால் முன்பு மூழ்கிக்கொண்டிருந்தார், இப்போது விட்டுவிட்டார்.