ஒயின் ஊரில் நமக்கு என்ன வேலை?

கேள்வி: மே மாதம் பாரிஸில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போகிறோம். அங்கிருந்து நான்கு நாள் அல்சாஸ் போய் வரலாம் என்கிறார். எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. மாமியார் சுத்த சைவம். பிள்ளைகளுக்கு 7, 11 வயது. ஒயினுக்குப் பேர்போன இடத்தில் எங்களுக்கு என்ன இருக்கிறது?
– ஒரு வாசகி, கோவை

பதில்: அண்ணன் சொல்வதைத் தாராளமாகக் கேளுங்கள். பிரான்ஸின் கிழக்கு ஓரத்தில் ஜெர்மனியை ஒட்டிய அல்சாஸில் ஒயினைத் தொடாமலே நான்கு நாளும் போதாமல் போகும்.

அங்குள்ள கொல்மார் நகரில் அறை எடுத்து, மூன்று இரவும் அங்கேயே தங்குங்கள். தினம் ஒரு ஊருக்குப் பெட்டி தூக்குவது மாமியாருக்கும் ஆகாது, உங்களுக்கும் ஆகாது. பாரிஸ் கிழக்கு நிலையத்திலிருந்து நேரடி டிஜிவி அதிவேக ரயிலில் ஏறினால் சுமார் இரண்டரை மணி நேரம். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் விலையும் குறையும். பழைய ஊரின் கால்வாயில் படகு ஓடுகிறது. கருங்கல் பாவிய தெருக்களில் மாமியாருக்கு முழங்கால் வலித்தால், ஊரைச் சுற்றிக்காட்ட ஒரு குட்டி ரயிலும் உண்டு. நியூயார்க் சுதந்திர தேவி சிலையை வடித்த பர்த்தோல்தி பிறந்தது இந்த ஊரில்தான். ஊர் எல்லையில் 12 மீட்டர் உயரத்தில் அதன் நகல் நிற்கிறது.

பிள்ளைகளுக்கென்று ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். கின்ஷைம் கிராமத்தின் அருகே குரங்கு மலை இருக்கிறது. வட ஆப்பிரிக்கக் குரங்குகள் 200-க்கு மேல், கூண்டில்லாமல் காட்டுக்குள் திரிகின்றன. நம் ஊர்க் குரங்குகளைப் போலப் பையைப் பிடுங்குவதில்லை என்றாலும், தின்பண்டத்தை வெளியே காட்டவேண்டாம். பக்கத்திலேயே மலை உச்சியில் ஓ-கோனிக்ஸ்பூர் கோட்டை. பாழடைந்து கிடந்ததை ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் 1900 முதல் 1908 வரை எடுத்துக் கட்டினார். அப்போது அல்சாஸ் ஜெர்மனி வசம். ஆனால் வீட்டுக் கூரைகளும் சாப்பாடும் பாதி ஜெர்மனிபோல இருப்பது அதற்கும் வெகு முந்தைய வழக்கம்.

செங்கால் நாரைகளை மறந்துவிடாதீர்கள். 1970-களில் அல்சாஸில் ஏறக்குறைய அற்றுப்போன பறவை. ஊனவீர் கிராமத்தில் வளர்த்து மீட்டார்கள். மே மாதம் கூடுகளில் குஞ்சுகள் இருக்கும்.

சாப்பாட்டில்தான் கவனம் வேண்டும். இந்தப் பக்கத்தில் பன்றி இறைச்சி நுழையாத பதார்த்தம் குறைவு. ஷுக்ருத் என்னும் புளித்த முட்டைக்கோஸைப் பார்த்து ஏமாறவேண்டாம், மேலே இறைச்சி அடுக்கித்தான் வரும். தார்த் ஃப்ளாம்பே என்ற மெல்லிய ரொட்டியில் கிரீமும் வெங்காயமும் இருக்கும். ‘சான் லார்தோன்’ என்று சொல்லிவிட்டால் பன்றித் துண்டு போடாமல் தருவார்கள். குகெல்ஹோஃப் என்ற பாதாம் வைத்த கேக்கில் முட்டை உண்டு. மாமியார் முட்டையும் தொடமாட்டார் என்றால் அது பிள்ளைகளுக்கு. திராட்சைத் தோட்டங்கள் சிலவற்றில் ‘ஜூ து ரெசான்’, அதாவது திராட்சைச் சாறு கிடைக்கும், கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், மதியம் இரண்டு மணிக்கு மேல் பல உணவகங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள், மாலை ஏழு வரை பட்டினிதான். மே 1, 8 இரண்டும் அரசு விடுமுறை. தேதியை முடிவு செய்யும்போது அதையும் அண்ணனிடம் சொல்லிவிடுங்கள்.