வீட்டு மாடியை விருந்தாளிக்கு விடலாமா? மலை ஊர்க் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கத்திலிருந்து. எல்லாமே நாள் வாடகைக்கு அறை விடுவது பற்றித்தான். நானும் கோத்தகிரிக்குப் பக்கத்தில் என் வீட்டு அறைகள் இரண்டை ஒன்பது வருஷமாக அப்படி விடுகிறவள், அதனால் மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

கேள்வி: ஓய்வுக்காலப் பணத்தில் தரைத்தளமும் முதல் மாடியுமாக வீடு கட்டினோம். பிறகு மேலே இன்னொரு மாடி எழுப்பினோம், அதற்குப் பிளான் அப்ரூவல் வாங்கவில்லை. அதில் மூன்று அறை போட்டு ஏர்பிஎன்பி என்ற ஆன்லைன் தளம் வழியாக விடலாம் என்கிறான் மகன். இங்கே எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள் அக்கா?
(கோத்தகிரி வாசகி)

பதில்: அந்த மாடியில் வேண்டாம் அம்மா. கோபித்துக்கொள்ளாதீர்கள், சேமிப்பு முழுவதையும் அதில் போட்டிருக்கிறீர்கள் என்று புரிகிறது, அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீலகிரியில் கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் என்பது கொத்தனாருக்குக்கூடத் தெரிந்த கணக்கு, தரைத்தளமும் ஒரு மாடியும் போட்டாலே அது தீர்ந்துவிடும். மலைச்சரிவில் ஏற்றும் ஒவ்வொரு தளமும் கீழே இருக்கிறவன் தலைமேல் ஏற்றும் பாரம், மழைக்காலத்தில் மண் சரிந்து பார்த்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. 1990-லேயே மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையம் என்று தனியாக ஒன்றை அரசு அமைத்ததும் இதற்காகத்தான். அப்புறம் இன்னொன்று, நீங்கள் முறையாக வாங்கியிருக்கும் அப்ரூவலும் குடியிருப்புக்கு வாங்கியது. ஆள் தங்கவைத்துக் காசு வாங்கினால் உபயோகம் மாறுகிறது, அதற்குத் தனியாக அனுமதி கேட்க வேண்டும்.

எல்லாரும் செய்கிறார்களே என்கிறீர்கள். மசினகுடிப் பக்கமும் எல்லாரும் செய்துகொண்டுதான் இருந்தார்கள். 2018 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட சில நாளில் சீகூர் யானை வழித்தடத்தில் (யானைகள் காடு விட்டுக் காடு போகும் பாதை) இருந்த 27 விடுதிகளுக்கு மாவட்ட நிர்வாகம் சீல் வைத்தது. 2020 அக்டோபரில், அதை யானை வழித்தடம் என்று அறிவித்தது சட்டப்படி சரிதான் என்று இறுதித் தீர்ப்பும் வந்துவிட்டது. அதற்கு மூன்று மாதம் கழித்து, 2021 ஜனவரியில், அதே மசினகுடியில் உரிமம் இல்லாமல் நடந்த ஒரு விடுதிப் பக்கம் வந்த யானையின் மேல் எரியும் பொருளை வீசினார்கள், அந்த யானை செத்துப்போனது. அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அனுமதி கேட்டுப் போயிருந்தால் அந்த இடத்தில் விடுதி வைக்கலாமா என்று யாராவது ஒருவர் யோசித்திருப்பார். கேட்காமலே நடத்தியதால் அந்த யோசனைக்கே இடம் இல்லாமல் போனது.

சரி, என்ன செய்யலாம்? நீங்கள் கீழே குடியிருந்துகொண்டு முதல் மாடியில் ஓர் அறையையோ இரண்டையோ விடப் பாருங்கள். மத்திய சுற்றுலாத் துறையின் ஹோம்ஸ்டே திட்டத்தில் வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்க வேண்டும், 6 அறைக்கு மேல் கூடாது. தமிழ்நாடு சுற்றுலாத் துறையிலும் ஹோம்ஸ்டே பதிவு இருக்கிறது. முதலில் உள்ளாட்சி அலுவலகத்தில் வரைபடத்தோடு போய், மேல் மாடியை என்ன செய்யலாம் என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்ன உத்தரவாதத்தை நம்பாதீர்கள். அடுத்த வருஷம் அந்த நாற்காலியில் வேறு ஆள் இருப்பார்.

கேள்வி: வெளியூர் வண்டிகள் மலைக்கு வர ஆன்லைனில் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று வந்ததிலிருந்து சீசனில் பாதி புக்கிங் போய்விட்டது. எங்கள் வயிற்றில்தான் அடிக்க வேண்டுமா? இது நியாயமா?
(குன்னூர் வாசகர்)

பதில்: உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. 2024 மே 7-ம் தேதி சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் தொடங்கியபோது அந்த வாரமே எனக்கு மூன்று குடும்பம் வரவில்லை. அடுத்த வருஷம் இன்னும் இறுக்கினார்கள். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று எண்ணிக்கையே வைத்துவிட்டார்கள். ஏப்ரல் 2-ம் தேதி நீலகிரி மாவட்டம் முழுக்கக் கடையடைப்பு நடந்தது, நானும் அன்று அறையைப் பூட்டி வைத்திருந்தேன்.

ஆனாலும் கேட்டீர்கள் என்பதால் சொல்கிறேன், வரம்பு வேண்டும் என்றே நினைக்கிறேன். மே மாதத்தில் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஆம்புலன்ஸ் நகர முடியாமல் நின்றதை நாம் பார்க்கவில்லையா? சீசனில் நம் தெருக் குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்று நமக்கே தெரியும். விருந்தாளி வீட்டில் ஒரு நாளைக்கு இரண்டு முறை வெந்நீரில் குளிக்கிறார், பக்கத்து வீட்டு அம்மா குடத்தோடு நிற்கிறார், அதைப் பார்த்துக்கொண்டு வாடகையை எண்ண எனக்குக் கை வரவில்லை. இந்த எண்ணிக்கை சரியா, கூடுதலா குறைவா என்று வாதாடுங்கள், அதற்காகத்தான் ஐஐடி மெட்ராஸிடமும் ஐஐஎம் பெங்களூருவிடமும் ஆய்வு கேட்டிருக்கிறார்கள். வரம்பே கூடாது என்று மட்டும் கேட்காதீர்கள்.

இதற்குள்ளேயே வழி இருக்கிறது. புக்கிங் உறுதி செய்யும் அன்றே பாஸ் எடுக்கச் சொல்லி, பாஸ் நகல் வந்த பிறகு முன்பணம் வாங்குங்கள். பாஸ் கிடைக்காவிட்டால் முழுப் பணமும் திரும்ப வரும் என்று எழுதிக் கொடுங்கள், நம்பிக்கை வரும். அரசுப் பேருந்தில் வந்தால் இ-பாஸே வேண்டாம். குன்னூருக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலும் இருக்கிறதே! நான் இப்போது பேருந்தில் வருகிறவர்களுக்கு வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன், ஸ்டாண்டிலிருந்து தெரிந்த ஆட்டோக்காரரை அனுப்புகிறேன். வண்டி நிறுத்த இடம் தேடும் தலைவலியும் போனது.

கேள்வி: பெங்களூருவில் இருக்கும் ஒருவரின் காட்டேஜை மாத வாடகைக்கு எடுத்து, நாள் வாடகைக்கு விடுகிறேன். அவருக்கு இது தெரியும், எழுத்தில் எதுவும் இல்லை. பிரச்சினை வருமா?
(ஊட்டி வாசகர்)

பதில்: வரும் தம்பி. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது, வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதிக்காமல் உள்வாடகை விடக் கூடாது என்பது அதில் தெளிவாக இருக்கிறது. இப்போது உங்களுக்குள் நட்பு இருக்கலாம். ஒரு விருந்தாளி பால்கனியிலிருந்து விழுந்தாலோ போலீஸ் வந்தாலோ, "எனக்குத் தெரியாது" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் முழுப் பொறுப்பும் உங்கள் தலையில். உடனே எழுதி வாங்குங்கள். அனுமதிகள் யார் பெயரில் இருக்கும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான்கு காட்டேஜ், ஐந்து காட்டேஜ் என்று எடுத்து, சாவியைப் பெட்டியில் வைத்துவிட்டு ஃபோனிலேயே நடத்தினால் அதற்கு ஹோம்ஸ்டே என்ற பெயர் பொருந்தாது, அது லாட்ஜ். லாட்ஜுக்குரிய உரிமமும் தீயணைப்புச் சான்றும் வாங்கி நடத்துங்கள், அதில் தப்பே இல்லை.

கேள்வி: ஜிஎஸ்டி, கரண்ட் பில் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.
(கொடைக்கானல் வாசகி)

பதில்: வருஷ வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் நீங்கள் ஜிஎஸ்டி பதிவு எடுக்கத் தேவையில்லை, ஆனால் ஆன்லைன் தளம் வழியாக வரும் புக்கிங்குக்கு அந்தத் தளமே விருந்தாளியிடம் வரி வாங்கிக் கட்டிவிடும். ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு முன்பு 12 சதவீதம், 2025 செப்டம்பர் 22-லிருந்து 5 சதவீதம். கரண்ட் விஷயத்தில் கவனம். வீட்டு இணைப்பில் தொழில் நடத்துவதாகக் கண்டுபிடித்தால் மின்சாரச் சட்டம் 126-வது பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம் போடுவார்கள், அதுவும் பழைய மாதங்களுக்கும் சேர்த்து. மின்வாரிய அலுவலகத்தில் நீங்களே போய் எந்தக் கட்டண வகை என்று கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பதிய வேண்டும், ஒரே இரவு என்றாலும் சரி.

கேள்வி: லீவில் ஊட்டிக்கு வரும் ஒரு மாதத்துக்கு எங்கள் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடலாமா?
(சிங்கப்பூர் வாசகர்)

பதில்: கூடாது. வீவக வீட்டுக்குக் குறைந்தது ஆறு மாதம், தனியார் வீட்டுக்கு மூன்று மாதம் என்பது அங்கே சட்டம். 2018-ல் இரண்டு பேருக்குத் தலா 60,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம் போட்டார்கள். பூட்டிவிட்டு நிம்மதியாக வாருங்கள்.

கேள்வி: நான் அரசு மருத்துவமனை நர்ஸ். ஆறு வருஷமாக ஒரு வாடகை வீட்டில் இருக்கிறேன். "இதை ஹோம்ஸ்டே ஆக்கப் போகிறேன், அடுத்த மாதம் காலி செய்" என்கிறார் வீட்டுக்காரர். தண்ணீரையும் நிறுத்திவிடுவேன் என்கிறார்.
(ஊட்டி வாசகி)

பதில்: உங்கள் கடிதத்தைத்தான் நான் அதிக நேரம் கையில் வைத்திருந்தேன். வாடகைக்கு விடுகிறவர்கள் எழுதியதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு இதைப் படித்தபோது மனசு கனத்தது. எங்கள் தெருவிலும் டீச்சர் ஒருவர் இப்படித்தான் காலி செய்துவிட்டு, மேட்டுப்பாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் ஏறி வருகிறார்.

பயப்படாதீர்கள். நான் மேலே சொன்ன அதே 2017 சட்டம் உங்களுக்கும் காவல். தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த அவருக்கு உரிமை இல்லை, நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். ஒப்பந்தக் காலம் முடியும் முன் வெளியேற்ற வேண்டுமானால் சட்டத்தில் உள்ள காரணம் ஒன்று இருந்து, வாடகை நீதிமன்றத்தில் உத்தரவும் வாங்க வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இருக்கிறதா, வாடகை அதிகாரியிடம் பதிவானதா, எந்தத் தேதி வரை என்று இன்றே எடுத்துப் பாருங்கள். வாடகையை வங்கி வழியாகவே தொடர்ந்து கட்டுங்கள், ஒரு மாதமும் விடாதீர்கள். ஒப்பந்தம் இல்லாவிட்டால் அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும், அதனால் தாமதிக்காமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு அங்கே இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள்.

வீட்டுக்காரரிடம் இன்னொன்றும் கேளுங்கள், ஹோம்ஸ்டேக்கு அனுமதி வாங்கிவிட்டாரா என்று. அவரே அந்த வீட்டில் குடியிருக்கப் போவதில்லை என்றால், ஹோம்ஸ்டே என்று பதிவதே கஷ்டம். அனுமதிக்கு நடந்து பார்த்த பிறகு, மாதாமாதம் தவறாமல் வரும் உங்கள் வாடகையே மேல் என்று அவருக்குத் தோன்றலாம். அப்படி மனம் மாறிய இரண்டு பேரை எனக்குத் தெரியும்.