மிதக்கும் காற்றாலையின் நங்கூரச் சங்கிலி புயலைத் தாங்குமா என்பதை எப்படிச் சோதிக்கிறார்கள்?

மிதக்கும் காற்றாலையை ஓரிடத்தில் நிறுத்தும் சங்கிலி, கயிறு, நங்கூரம் மூன்றும் சேர்ந்ததுதான் மூரிங் அமைப்பு. நிஜப் புயலுக்காகக் காத்திருக்க முடியாது என்பதால், முதலில் அலைத்தொட்டியில் சிறிய மாதிரியை மிதக்கவிடுவார்கள்.

1:50 அளவில் 10 மீட்டர் அலை 20 சென்டிமீட்டர் ஆகிறது. நேரமும் சுருங்கும்: 3 மணி நேரப் புயல் சுமார் 25 நிமிடம். விசையோ 50-இன் முப்படி (1,25,000) மடங்கு சுருங்கும். மாதிரிச் சங்கிலியின் மேல்முனையில் இழுப்பை அளக்கும் உணரியில் ஒரு கிலோ கூடினால் கடலில் அது சுமார் 125 டன்! உணரி கொஞ்சம் பிசகினாலும் கணக்கு எங்கோ போய்விடும்.

தேடுவது சராசரி இழுவையை அல்ல, வெட்டிழுப்பை, அதாவது திடீரென வரும் உச்ச இழுப்பை. பழுதான வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும்போது, கயிறு தொய்ந்து சட்டென்று விறைக்கும் நொடியில்தானே அறுகிறது? அதேதான். அலைகள் எந்த வரிசையில் வருகின்றன என்பதைப் பொறுத்து உச்ச இழுப்பு மாறும் என்பதால், அதே புயலை அலைகளின் வரிசையை மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டுவார்கள். பிறகு ஒரு சங்கிலியை வேண்டுமென்றே கழற்றிவிட்டு, மற்றவை தாங்குகின்றனவா என்று பார்ப்பார்கள்.

காற்றுதான் தலைவலி. மாதிரியின் சிறிய இறக்கையில் காற்று தள்ளும் விசை தேவைக்கும் கீழே குறைந்துவிடுவதால், அகலமான தனி இறக்கை செய்து பொருத்துவதுண்டு.

ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் அருகே 2017-இல் இயங்கத் தொடங்கிய ஹைவிண்ட் மிதக்கும் காற்றாலைப் பண்ணையில் ஒவ்வொரு காற்றாலைக்கும் மூன்று சங்கிலிகள். அந்த டிசம்பரிலேயே கரோலின் புயல் 8 மீட்டருக்கு மேற்பட்ட அலைகளோடு வந்தது, காற்றாலைகள் தாங்கின.

சங்கிலிதான் காற்றாலையைக் கவிழாமல் பிடிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஹைவிண்ட் வகையில் நிமிர்த்தி வைப்பது அடியிலுள்ள பாரம், சங்கிலி மிதவை விலகிப் போகாமல் மட்டுமே பார்த்துக்கொள்கிறது.