நாஜிக் கட்சியின் பொருளாதாரக் கோட்பாடு: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பெயரிலேயே சோசலிசத்தைத் தாங்கிய நாஜிக் கட்சிக்கென்று தனிப் பொருளாதாரக் கோட்பாடு இருந்ததா?

பதில்: இருந்தது. கட்டடப் பொறியாளரான கோட்ஃப்ரீட் ஃபேடர் 1919இல் எழுப்பிய ‘வட்டி அடிமைத்தனத்தை உடைப்போம்’ என்ற முழக்கம், 1920 பிப்ரவரி 24 அன்று மியூனிக்கில் அறிவிக்கப்பட்ட 25 அம்சத் திட்டத்தில் 11ஆவது அம்சமாக இடம்பெற்றது. ஆலையில் முதலீடான பணத்தை ‘ஆக்கும் மூலதனம்’ என்றும், வட்டிக்கு விடும் பணத்தைப் ‘பறிக்கும் மூலதனம்’ என்றும் பிரித்து, பின்னதை யூதர்கள் தலையில் கட்டியதே அதன் உயிர்நிலை.

கேள்வி: பணவீக்கத்தில் சேமிப்பைப் பறிகொடுத்தவர்களுக்கு அது நியாயமாகப் பட்டிருக்குமே?

பதில்: பட்டது. 1923 நவம்பரில் ஒரு டாலரின் மதிப்பு 4.2 லட்சம் கோடி மார்க். ஆனால் பணவீக்கம் கடன் வாங்கியவரின் சுமையைக் கரைத்து, கடன் கொடுத்தவரைத்தான் அழித்தது. ஆகவே வட்டிக்காரரைக் குற்றவாளியாக்கும் விளக்கம் பொருளியலாக நிற்காது.

கேள்வி: தனிச்சொத்தை அவர்கள் எதிர்த்தார்களா?

பதில்: திட்டத்தின் 17ஆவது அம்சம், பொதுத் தேவைக்காக நிலத்தை இழப்பீடின்றி எடுத்துக்கொள்ளச் சட்டம் கோரியது. நிலவுடைமையாளர்கள் அஞ்சுவதை உணர்ந்த ஹிட்லர், 1928 ஏப்ரல் 13 அன்று அதற்கு ஒரு விளக்கக் குறிப்பை இணைத்தார்: கட்சி தனிச்சொத்தை ஏற்கிறது; இந்த அம்சம் முதன்மையாக நிலத்தில் ஊகவாணிபம் செய்யும் யூத நிறுவனங்களுக்கு எதிரானது. இந்த விஷயத்தைப் படிக்க வருபவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்தச் சில வரிகளைத்தான்; ஏனெனில் பொருளாதாரக் கோரிக்கை முழுவதும் கழன்று விழ, இனப்பகை மட்டும் எஞ்சுவதை இவற்றில் கண்ணால் பார்க்கலாம்.

கேள்வி: ஆட்சிக்கு வந்தபின் ஃபேடர் என்ன ஆனார்?

பதில்: 1934இல் யால்மார் ஷாக்ட் பொருளாதார அமைச்சரானார், அதே ஆண்டில் ஃபேடர் பதவி இழந்தார். தொழிற்சங்கங்கள் 1933 மே 2 அன்றே ஒடுக்கப்பட்டுவிட்டன. வட்டியும் ஒழியவில்லை, வங்கிகளும் ஒழியவில்லை. 1931 வங்கி நெருக்கடியில் அரசின் கைக்கு வந்திருந்த பெரிய வங்கிகள் 1936–37இல் மீண்டும் தனியாருக்கே போயின. ஆயுதச் செலவை மறைக்க, 10 லட்சம் மார்க் முதலீடு மட்டுமே கொண்ட ‘மெஃபோ’ என்ற பெயரளவு நிறுவனத்தின் உண்டியல்கள் (பின்னொரு நாளில் பணம் தருவதாக உறுதி கூறும் கடன் பத்திரங்கள்) சுமார் 1,200 கோடி மார்க் வரை புழக்கத்தில் விடப்பட்டன.

கேள்வி: அப்படியானால் ஃபேடரின் கோட்பாடு வீணாயிற்றா?

பதில்: அவர் போட்ட பிரிவினைக் கோடு அழியவில்லை. 1938 நவம்பர் 12 அன்று யூதர்கள் கடை நடத்தவும் கைத்தொழில் செய்யவும் தடை விதித்த அரசு, சில நாட்களுக்கு முன் தன் ஆட்களே அடித்து நொறுக்கிய யூதக் கடைகளின் உரிமையாளர் சமூகத்தின் மீதே 100 கோடி மார்க் தண்டமும் சுமத்தியது.