கண் பிரஷருக்கு லேசர்: இந்த மாதக் கடிதங்கள்

கே: வயது 58. எஸ்.எல்.டி. லேசர் செய்துகொண்டால் சொட்டு மருந்திலிருந்து விடுதலை கிடைக்குமா? – வாசகர், கோவை

ப: கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாமல் பிரஷர் ஏறி, பார்வை நரம்பைக் கெடுப்பதுதான் கிளாக்கோமா நோய். நீர் வடியும் வலையை லேசரால் தூண்டிவிடுவது எஸ்.எல்.டி. அந்த வடிகால் இருக்கும் கோணம் திறந்திருந்து, நோயும் ஆரம்ப நிலையில் இருந்தால் வாய்ப்பு நல்லதுதான். இங்கிலாந்தில் 700-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு நடந்த ‘லைட்’ ஆய்வில் (2019), முதல் சிகிச்சையாக லேசர் செய்துகொண்டவர்களில் முக்கால்வாசிப் பேர் மூன்று வருடம் சொட்டே இல்லாமல் சமாளித்தார்கள். ஆனால் அவர்கள் அதற்கு முன் எந்தச் சொட்டும் போட்டவர்கள் அல்ல. ஏற்கெனவே மூன்று மருந்து போடுகிறவருக்கு ஒன்று குறைந்தாலே லாபம். பிரஷர் ஏறக்குறைய கால் பங்கு இறங்கும், சில வருடங்களில் பலன் தேயும், தேவைப்பட்டால் மறுபடி செய்யலாம். முழுப் பலன் தெரிய ஒன்றரை மாதமாவது ஆகும். அதுவரை சொட்டை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கே: லேசர் வலிக்குமா? எத்தனை நாள் ஓய்வு? – வாசகி, திருநெல்வேலி

ப: சுருக் சுருக்கென்று இருக்கும், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மறுநாள் அடுப்படிக்கும் போகலாம், ஆபீசுக்கும் போகலாம்.

கே: பிரஷர் 24. லேசர் தேவையா? உடனே பதில் தரவும். – பெயர், ஊர் இல்லை

ப: எந்தக் கண்ணில்? கோணம் திறந்ததா, குறுகியதா? பார்வை நரம்பு எப்படி இருக்கிறது? பக்கப் பார்வையை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட் எடுத்தீர்களா? ஒற்றை எண்ணை எழுதி அனுப்பிவிட்டு ‘உடனே’ என்றால் நான் என்ன செய்வது? கார்னியா, அதாவது கண்ணின் முன்பக்கக் கண்ணாடிப் படலம், தடித்தவருக்கு அளவு கூடுதலாகக் காட்டும். அவருக்கு 24 பெரிய விஷயமே இல்லாமல் போகலாம். கண்ணாடியைக் கழற்ற லாசிக் லேசர் செய்து கார்னியா மெலிந்தவருக்கு 16 என்று காட்டுவதைக்கூட நம்ப முடியாது. முழு ரிப்போர்ட்டோடு எழுதுங்கள்.

கே: லேசருக்குப் பிறகும் போன பார்வை திரும்பவில்லையே? – வாசகர், சேலம்

ப: திரும்பாது. பட்டுப்போன நரம்பு இழைகளை எந்த லேசரும் உயிர்ப்பிக்காது. மிச்சத்தைக் காப்பாற்றத்தான் சிகிச்சை.

கே: மகனுக்கு 17 வயது. கண் அரிப்புக்கு மெடிக்கலில் வாங்கிய சொட்டை இரண்டு வருடமாகப் போடுகிறான். இப்போது பிரஷர் 38. லேசர் போதுமா? – தாய், விழுப்புரம்

ப: இதே கதையை இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதுவது? அலர்ஜியால் கண் சிவந்து அரிக்கும் பையனுக்கு மெடிக்கல் ஷாப்பில் ஒரு சொட்டு கொடுக்கிறார்கள். இரண்டே நாளில் கண் பளிச்சென்று ஆகிவிடுகிறது. அப்புறம் காலி பாட்டிலைக் காட்டினால் அடுத்த பாட்டில், அவ்வளவுதான். சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத ஷெட்யூல் எச் மருந்து அது, விற்பவருக்கும் தெரியும். பாட்டிலைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள்: டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன், பிரெட்னிசொலோன் என்று ஏதாவது இருந்தால் ஸ்டீராய்டு. தொடர்ந்து போட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பிரஷர் ஏறும், சிலருக்குத் தாறுமாறாக. வலியே இருக்காது, அதனால்தான் இரண்டு வருடம் கழித்துத் தெரிகிறது.

முதலில் ஸ்டீராய்டை நிறுத்தி, அலர்ஜிக்கு மாற்று மருந்து எழுதச் சொல்லுங்கள். பலருக்கு அதிலேயே சில வாரங்களில் பிரஷர் இறங்கிவிடும். அதுவரை பிரஷர் சொட்டு அவசியம். அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். இறங்காவிட்டால் எஸ்.எல்.டி. முயன்று பார்க்கலாம். ஆனால் ஸ்டீராய்டு கேஸ்களில் ‘கேட்’ ஆபரேஷன் நன்றாகவே கைகொடுக்கிறது. கண்ணின் வடிகாலுக்குள் மெல்லிய நூலைச் சுற்றவிட்டு இழுத்து, அடைபட்ட வலையைக் கிழித்துத் திறப்பார்கள். வெளியே தையல் கிடையாது என்றே சொல்லலாம். முதல் சில நாள் கண்ணுக்குள் ரத்தம் தேங்கிப் பார்வை மங்கும், பயப்படாதீர்கள். நரம்பு அதிகம் கெட்டிருந்தால் மட்டும் பெரிய ஆபரேஷன். கூடவே, புரையும் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அதுவும் ஸ்டீராய்டு செய்யும் வேலைதான்.

கே: புரை ஆபரேஷனோடு ஸ்டென்ட்டும் வைக்கலாம் என்கிறார்கள். நல்லதா? – வாசகர், மதுரை

ப: ஸ்டென்ட் என்பது நீர் வடியக் கண்ணுக்குள் வைக்கும் பொடிக் குழாய். லேசான நோய்க்கு நல்லது. பிரஷர் கொஞ்சம் இறங்கும், ஓரிரு சொட்டு குறையும். முற்றிய நோய்க்குப் போதாது. அங்கே நீர் வடியப் புது வழி வெட்டும், 1968-இல் வந்த டிராபெகுலெக்டமி ஆபரேஷன்தான் இன்னும் ராஜா, அல்லது நீரை வெளியே வடிக்க உங்கள் ஊர் ஆரோலேப் தயாரிக்கும் டியூப். புதிது என்பதாலேயே மயங்கவும் வேண்டாம். ‘சைபாஸ்’ என்ற ஸ்டென்ட் கார்னியா செல்களைக் குறைக்கிறது என்று ஐந்து வருடக் கணக்கில் தெரிந்ததும், 2018-இல் அதைத் தயாரித்த கம்பெனியே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. செலவு இடித்தால், ஊசி முனையை வளைத்து வடிகால் வலையை அறுக்கும் முறையும் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

கே: அக்காவுக்கு ஐரிஸில் லேசர் துளை போட்டார்கள். எனக்கும் கோணம் குறுகல். நானும் போட்டே ஆகவேண்டுமா? – வாசகி, காரைக்குடி

ப: ஐரிஸ் என்ற நிறத் திரையில் போடும் துளை, கோணம் அடைபடாமல் நீருக்கு மாற்று வழி தரும். குறுகல் மட்டும்தான், பிரஷரும் நரம்பும் சரி என்றால் எல்லோருக்கும் அவசியமில்லை. சீனாவின் குவாங்சோவில் ஏறக்குறைய 900 பேருக்கு ஒரு கண்ணில் மட்டும் துளை போட்டு ஆறு வருடம் பார்த்தார்கள். போடாத கண்ணிலும் வெகு சிலருக்கே நோய் வந்தது. ஆனால் உங்கள் அக்காவுக்கு வந்தது அட்டாக்கா (கோணம் திடீரென்று மூடிப் பிரஷர் எகிறுவது), வெறும் குறுகலா என்று நீங்கள் எழுதவில்லை. அட்டாக் என்றால், அல்லது சர்க்கரைக்காக அடிக்கடி கண்ணை விரிக்கும் சொட்டு போடவேண்டியிருந்தால், போட்டுக்கொள்ளுங்கள். போடாமல் இருந்தால் சளி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் விழுங்காதீர்கள். கண் சிவந்து, தலை பிளந்து, வாந்தி வந்து, விளக்கைச் சுற்றி வானவில் தெரிந்தால் விடியும்வரை காத்திருக்காமல் அன்றிரவே கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.